ஈஸ்ட்டில் டிஎன்ஏவின் வடிவம் மரபணுவின் வேலையை மாற்றுமா?

மார்த்தாண்டத்தில் பிளஸ் டூ படிக்கும் தம்பியின் கேள்வி: டிஎன்ஏவில் எழுத்து வரிசை போதாதா, வடிவத்துக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது, தம்பி. நம்ம ஊரில் ஆப்ப மாவில் போடும் ஈஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டிஎன்ஏ ஹிஸ்டோன் புரத உருளைகளைச் சுற்றிக்கிடக்கும், உருளைக்குச் சுமார் 147 எழுத்து இணைகள். சுற்றிய இடத்தை மரபணுவை இயக்கும் புரதங்கள் எளிதில் தொட முடியாது. ஆனால் 'ஏ' எழுத்தே தொடர்ந்து வரும் பகுதி காய்ந்த பனைமட்டை மாதிரி விறைப்பானது, வளையாது. உருளை அங்கே சரியாக உட்காராததால் வழி திறந்தே கிடக்கும். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க உதவும் ஹிஸ்3 மரபணுவின் முன்பகுதியில் இப்படியொரு வரிசை உண்டு; அதை நீக்கினால் மரபணுவின் வெளிப்பாடு, அதாவது அது வேலை செய்யும் அளவு, குறைகிறது. தனியாக ஒரு புரதம் வந்து ஒட்டாமல், பெரும்பாலும் விறைப்பே இதைச் சாதிப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அப்புறம், 'ஜி' மிகுந்த இடங்களில் நான்கிழை முடிச்சும் விழலாம். அவிழ்க்க பிஃப்1 என்ற நொதி இருக்கிறது. மரபணுவுக்கு இந்த முடிச்சு தடையா உதவியா என்பது அது விழும் இடத்தைப் பொறுத்தது.