கியர்பாக்ஸ் மீது பழி போடும் முன்

பெரிய எஸ்யூவி வாகனங்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: என்னுடைய ஏழு இருக்கை எஸ்யூவி மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்திருந்தால், சாலையில் போட்டிருக்கும் எச்சரிக்கைப் பட்டைகள் மீது ஓடுவது போல ஓரிரு நொடிகள் அதிர்கிறது. அழுத்தி மிதித்தால் அதிர்வு நின்றுவிடுகிறது. வாரண்டி இருந்தபோது, “இந்த மாடல் அப்படித்தான்” என்றார்கள். வாரண்டி முடிந்த பிறகு, “கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும்” என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். நீங்கள் விவரித்திருக்கும் அதிர்வு பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரில் எழுவது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் இந்தக் கலத்துக்குள் இரண்டு விசிறிச் சக்கரங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்றை இன்ஜின் சுழற்ற, அது தள்ளும் ஆயில் மற்றொன்றைச் சுழற்றுகிறது. இந்த ஏற்பாட்டில் கொஞ்சம் சக்தி வெப்பமாக வீணாவதால், வேகம் நிலைப்பட்டதும் லாக்-அப் கிளட்ச் என்ற ஒன்று இரு சக்கரங்களையும் இணைத்துவிடும். எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டிய கட்டாயத்தில் இன்றைய கியர்பாக்ஸ்கள் இந்தக் கிளட்சைக் குறைந்த வேகத்திலேயே வேலைக்கு இழுக்கின்றன. அதோடு, இன்ஜினின் துடிப்பு உள்ளே தெரியாமல் இருப்பதற்காக அதை முழுவதும் பூட்டாமல் சற்றே வழுக்கவும் விடுகின்றன. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் இது சின்ன வேலை அல்ல. அந்த வழுக்கல் சீராக இருக்க வேண்டுமானால் ஆயிலில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மங்கள் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அவை தேய்ந்துபோனாலோ ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலோ, கிளட்ச் நொடிக்குப் பலமுறை பிடிப்பதும் விடுவதுமாகத் தடுமாறும். அந்தத் தடுமாற்றமே உங்கள் இருக்கை வரை வந்து சேர்கிறது.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. பின்னால் வண்டிகள் இல்லாத நேரான சாலையில், அதிர்வு தொடங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மாற்றாமல் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால், பெரும்பாலான வண்டிகளில் லாக்-அப் கிளட்ச் உடனே விலகிக்கொள்ளும். அதிர்வும் கூடவே நின்றால் சந்தேகம் வலுப்படுகிறது. ஆனால் இன்ஜினில் ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் போனாலும் ஏறத்தாழ இதே அதிர்வு வரும் என்பதால், சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி ஒருவர் உங்களுடன் வண்டியில் வரவேண்டும். இன்ஜின் சுழற்சிக்கும் கியர்பாக்ஸின் உள்தண்டுச் சுழற்சிக்கும் இடையே உள்ள வேறுபாடு அதிர்வின்போது ஏறி இறங்கினால் கோளாறு லாக்-அப்பில். அது நிலையாக இருந்து, சிலிண்டர்கள் எரியாமல் போகும் எண்ணிக்கை கூடினால் கோளாறு இன்ஜினில். அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

லாக்-அப்தான் என்று தெரிந்தாலும் முதல் மருந்து ஆயில்தான். எஸ்கலேட், யூக்கான் போன்ற வண்டிகளில் பொருத்தப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் பெட்டியில் இதே அதிர்வு குறித்துப் புகார்கள் குவிந்தபோது, அந்நிறுவனம் 2019-ல் தன் டீலர்களுக்குச் சொன்ன தீர்வு, பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டு வேறு கலவையுள்ள புதிய ஆயிலை நிரப்புவதே. எல்லா வண்டியும் அதில் குணமாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் அதிர்வோடு ஓட்டிய வண்டியில் கிளட்சின் மேற்பரப்பு மெருகேறிப் பளபளத்துப் போயிருக்கலாம். அப்போதும் மாற்ற வேண்டியது டார்க் கன்வெர்ட்டரைத்தான். கியர்பாக்ஸ் முழுவதையும் மாற்றும் பேச்சு அதற்கும் பிறகுதான் வரவேண்டும். வாரண்டிக் காலத்திலேயே நீங்கள் புகார் செய்ததற்கான வேலைச்சீட்டு கையில் இருந்தால் அதைக் காட்டி எழுத்து மூலம் கேளுங்கள். “அப்படித்தான்” என்று வாயால் சொன்னவர்கள் எழுத்தில் அதையே சொல்லத் தயங்குவார்கள்.

கேள்வி: கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று கையேடு சொல்கிறது. 1,60,000 கி.மீ. ஓடிவிட்டது; ஒரு குறையும் இல்லை. இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று மெக்கானிக் பயமுறுத்துகிறார். மாற்றலாமா, விடலாமா?

பதில்: மாற்றுங்கள். “ஆயுள் முழுவதும்” என்ற சொல் யாருடைய ஆயுளைக் குறிக்கிறது என்பதைக் கையேடுகள் விளக்குவதில்லை. பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, ரேஞ்ச் ரோவர் உள்ளிட்ட பல வண்டிகளில் இருப்பது ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனம் 2009-ல் அறிமுகம் செய்த 8 கியர் பெட்டி. வண்டித் தயாரிப்பாளர்கள் பலர் ஆயிலை மாற்றத் தேவையில்லை என்று எழுதியிருக்க, அந்தப் பெட்டியைச் செய்த இசட்.எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சைக் கேட்பதே என் வழக்கம். பாரம் இழுப்பவர்களும் மலைச்சாலைகளில் ஓட்டுபவர்களும் அந்த வரம்பின் கீழ் எல்லையைப் பிடித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஆயிலைக் கெடுப்பதில் தூரத்தைவிட வெப்பத்துக்கே பங்கு அதிகம்.

உங்கள் மெக்கானிக்கின் அச்சம் கற்பனை அல்ல. அவர் காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார். கியர் வழுக்கத் தொடங்கிய பிறகே பலரும் ஆயில் மாற்ற வருகிறார்கள். ஏற்கெனவே தேய்ந்திருந்த கிளட்ச் அடுத்த சில வாரங்களில் கைவிட்டால் பழி புது ஆயிலின் மேல் விழுகிறது. குறையேதும் இல்லாத உங்கள் வண்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஆனால் மாற்றும் முறையில் கவனம் வேண்டும். கீழே உள்ள போல்ட்டைத் திறந்தால் பாதியளவு ஆயில்தான் வெளியேறும். எஞ்சியது டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை வடித்து நிரப்புவதை, அழுத்தம் கொடுத்து ஒரேயடியாகக் கழுவும் முறையைவிட நான் விரும்புகிறேன். மேற்சொன்ன இசட்.எஃப் பெட்டி பலவற்றில் ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் பாகம் என்பதால் தட்டையே மாற்ற வேண்டும். அளவு பார்க்கும் குச்சியும் அவற்றில் கிடையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்புத் துளையில் ஆயில் லேசாக வழிகிறதா என்று பார்த்தே அளவை முடிவுசெய்ய வேண்டும். வெப்பத்தை ஸ்கேனரில் பார்க்காமல் கைக்கணக்கில் நிரப்பும் இடத்தில் இந்த வேலையைக் கொடுப்பதைவிட, பழைய ஆயிலோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதே மேல்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வண்டி ஒரே கியரில் நின்றுவிடுகிறது, எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறுவதில்லை. நிறுத்தி, அணைத்து, மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும் அன்று மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. “ஸ்கேனரில் எதுவும் இல்லை” என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறார்கள். அலுத்துவிட்டது.

பதில்: இதில் அலுப்பு நியாயமானதே. ஆனால் வண்டி தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போயிருக்கிறது என்றால், ஏன் போனது என்பதை அதன் கணினி பெரும்பாலும் எழுதி வைத்திருக்கும். “எதுவும் இல்லை” என்பவர்கள் இன்ஜின் கணினியை மட்டும் படிக்கும் சாதாரண ஸ்கேனரை வைத்துக்கொண்டு சொல்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இன்ஜின் பக்கத்தில் தெரியும் பி0700 என்ற குறியீடு, கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. உண்மையான விவரம் அந்தக் கணினிக்குள் இருக்கும். பி0218 என்றால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. ஆயில் கூலரின் முகப்பைச் சேறும் பூச்சிகளும் அடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே அப்போது முதல் வேலை. பி0730 என்றால் கணினி கேட்ட கியர் விகிதம் கிடைக்கவில்லை. குறியீட்டோடு அந்த நொடியின் வேகம், வெப்பம், இன்ஜின் சுழற்சி ஆகியவையும் பல வண்டிகளில் பதிவாகியிருக்கும். அதைப் படித்துக் குறித்துக்கொள்வதற்கு முன் குறியீட்டை அழிப்பது, கிடைத்த ஒரே சாட்சியை விரட்டிவிடுவதற்குச் சமம். அழித்துக் கொடுப்பதையே பழுது நீக்கமாகக் கணக்கெழுதும் இடங்களும் இருக்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது, ஒவ்வொரு முறை நிகழும்போதும் வண்டி குளிர்ந்திருந்ததா, நெடுநேரம் ஓடிச் சூடேறியிருந்ததா, ஏற்றமா, மழையா என்று குறித்து வைப்பது. சூட்டில் மட்டும் வந்தால் சோலினாய்டு வால்வுகள் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்), ஆயிலைத் தேவையான கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடி, ஆயில் அளவு ஆகியவற்றின் மீது சந்தேகம் திரும்பும். மேடு பள்ளத்தில் வந்தால் ஒயர், கனெக்டர் மீது திரும்பும். பேட்டரி வலுவிழந்தாலும் கியர்பாக்ஸ் கணினி குழம்பும் என்பதால், விலை உயர்ந்த பாகம் எதையும் வாங்குவதற்கு முன் பேட்டரியையும் பூமி இணைப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். இத்தகைய புகாரோடு வந்து பேட்டரி மாற்றியதும் சரியாகிவிட்ட வண்டிகள் உண்டு.

கேள்வி: கூலன்ட் தொட்டியைத் திறந்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் பால் போலக் கலங்கியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலும் அப்படியே. வண்டி இன்னும் ஓடுகிறது. வொர்க்ஷாப் வரை ஓட்டிச் செல்லலாமா?

பதில்: கூடாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் அறையும் இருக்கும் அமைப்பில், நடுச்சுவர் விரிசல் விட்டால் இரண்டும் கலந்துவிடும். 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர் வண்டிகளில் இது பரவலாக அறியப்பட்ட கோளாறு. கிளட்ச் தகடுகளில் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைக் கூலன்ட் கரைத்துவிடும் என்பதால், ரேடியேட்டரை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பித்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: வண்டியை ஒடித்துத் திருப்பும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கிறது, மெதுவாகப் போகும்போது ஜெர்க்கும் அடிக்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அண்மையில் இரண்டு டயர்களை மட்டும் மாற்றினீர்களா? நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன், பின் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், அந்த வேறுபாட்டை, முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இடைவிடாமல் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதில் எழும் ஜெர்க் கியர்பாக்ஸிலிருந்து வருவது போலவே தோன்றும். முதலில் நான்கு டயர்களின் பட்டன் ஆழத்தையும் காற்றையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயில். அதற்கென்று தனி ஆயில் இருப்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரிவதில்லை.

கேள்வி: புதுப்பிக்கப்பட்ட கியர்பாக்ஸ் ஒன்றைப் பெருஞ்செலவில் மாட்டினோம். சில மாதங்களிலேயே பழைய வழுக்கல் திரும்பிவிட்டது. அனுப்பிய பெட்டி மட்டமானது என்கிறார் மெக்கானிக். மாட்டியதில் தவறு என்கிறார் பெட்டி கொடுத்தவர்.

பதில்: இருவரில் யார் பக்கம் உண்மை என்பதைப் பழைய ஆயில் கூலர்தான் சொல்ல வேண்டும். முதல் கியர்பாக்ஸ் தேய்ந்தபோது உதிர்ந்த உலோகத் துகள்கள் கூலரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றை மாற்றாமல் புதுப் பெட்டியை மாட்டினால் அத்தனையும் அதன் வால்வ் பாடிக்குள் போய்ச் சேரும். பெட்டி கொடுப்பவர்களில் பலர், கூலரை மாற்றியதற்கான அல்லது முறையாகக் கழுவியதற்கான ரசீது இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதும் இதனால்தான். உங்கள் பில்லில் கூலர் பற்றிய குறிப்பு இருக்கிறதா, பழைய டார்க் கன்வெர்ட்டரையே திரும்ப மாட்டினார்களா, மாட்டிய பிறகு கணினியில் புதுப் பெட்டிக்கான மென்பொருளையும் கிளட்ச் பழக்கும் முறையையும் செய்தார்களா என்ற மூன்றையும் பாருங்கள். கூலர் பற்றிய குறிப்பு இல்லையென்றால் மெக்கானிக்கின் வாதம் நிற்காது. மூன்றும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால், இருவரின் முன்னிலையிலும் அடித்தட்டைக் கழற்றி, உள்ளே இருப்பது கிளட்ச் பூச்சின் கருந்தூளா உலோகச் சீவலா என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டி கொடுத்தவரிடம் பேசுங்கள். அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம். வழுக்கலோடு ஓட்டியதால்தான் கெட்டது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணத்தை நீங்களே கொடுத்துவிடுவீர்கள்.