ஆண் பாலியல் தொழிலாளர்களைப் பற்றி நம் ஊரில் நம்பப்படுவதில் எதெல்லாம் பொய்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவரோடு ஒரே கடையில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி, "காசுக்கு ஆம்பளைகளோட போறவன்" என்று ஊரில் பேச்சு கிளம்பியிருக்கிறதாம். ஆண்கள் இப்படித் தொழில் செய்வது உண்மைதானா, அவரோடு தொடர்ந்து பழகினால் தனக்கு நோயோ வழக்கோ வருமா, ஊரார் சொல்வதில் எவ்வளவு உண்மை என்பதுதான் கேள்வி.

அந்த மனிதரைப் பற்றிய பேச்சு உண்மையா பொய்யா என்று ஆராய்வது உங்களுக்கும் எனக்கும் வேண்டாத வேலை. மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஆண்கள் பாலியல் தொழில் செய்வது உண்மை. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உண்டு. அவர்களோடு பழகுவதால் நோய் வராது, பழகுவது மட்டுமே குற்றமும் ஆகாது.

நாகர்கோவிலை மையமாக வைத்து நடந்த எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஒன்றில் சில ஆண்டுகள் களப்பணியாளனாக இருந்தேன். ஆணுறை கொடுப்பது, பரிசோதனைக்குக் கூட்டிப் போவது, முடிவு வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை. அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில் கேட்டதிலிருந்துதான் இந்தப் பதிலை எழுதுகிறேன். யாருடைய அடையாளமும் தெரியாதபடிதான் எழுதியிருக்கிறேன். நான் பேசுவது பதினெட்டு வயது நிறைந்தவர்களைப் பற்றி மட்டும். அதற்குக் குறைந்த வயதுப் பையன் என்றால் அதற்குத் தொழில் என்று பெயரே கிடையாது, அது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். பையனுக்கும் பெண் பிள்ளைக்கும் அந்தச் சட்டம் ஒன்றுதான். தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.

பொய்களில் பெரியது, அதிகம் பேரை ஏமாற்றியது, "பணக்காரப் பெண்கள்" கதை. ஆண் என்றதுமே, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண் கார் அனுப்பிக் கூப்பிடுவாள் என்று பலர் நினைக்கிறார்கள். நம் மாவட்டத்தில் கணவன் வளைகுடாவில் இருக்கிற வீடுகள் நிறைய. அதனால் இந்தக் கதை இங்கே இன்னும் வேகமாகப் பரவுகிறது. ஆள் துணை இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கிற அந்தப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! உள்ளபடி, ஆண் பாலியல் தொழிலாளர்களிடம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்தான். நான் பேசிய எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். வருகிறவர்களில் கல்யாணம் ஆனவர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள், ஊரில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்லும் நிலையில் இருப்பவர்கள் எல்லாம் உண்டு. பேச்சு கிளம்பும்போது அவர்கள் பெயர் மட்டும் வெளியே வராது.

இந்தக் கதையை நம்பிப் பணத்தைத் தொலைக்கிற பையன்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "ஆண் எஸ்கார்ட் வேலை, ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் சம்பளம், வாடிக்கையாளர்கள் எல்லாரும் வசதியான பெண்கள்" என்று போனில் விளம்பரம் வரும். கூப்பிட்டால் இனிமையாகப் பேசுவார்கள். முதலில் பதிவுக் கட்டணம் என்று ஒரு சின்னத் தொகை. அடுத்து அடையாள அட்டைக்கு, மருத்துவச் சான்றிதழுக்கு, ஓட்டல் அறை முன்பணத்துக்கு என்று தொகை ஏறிக்கொண்டே போகும். இனி தர முடியாது என்று பையன் சொன்ன அன்றைக்கு, "நீ அனுப்பிய போட்டோவை உன் அப்பாவுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்பார்கள். வேலை என்று ஒன்று தொடக்கத்திலிருந்தே கிடையாது. நாட்டின் பல இடங்களில் போலீசார் இப்படிப்பட்ட கும்பல்களைப் பிடித்திருக்கிறார்கள். ஆனாலும் ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. புகார் கொடுத்தால், எந்த வேலைக்குப் பணம் கட்டினேன் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டுமே! அந்தக் கூச்சத்தை நம்பித்தான் கும்பல் இந்த விளம்பரத்தையே போடுகிறது. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். பணம் போனதும் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் கூப்பிட்டால் அந்தப் பணம் கைமாறும் முன் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

"இவனுக எல்லாம் திருநங்கைங்கதான்" என்று சாயாக்கடையில் அடித்துப் பேசுகிறவர்கள் இரண்டு தனித்தனி விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆண்கள் மேல் ஈர்ப்பு உள்ளவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. பெண்கள் மேல் மட்டுமே ஈர்ப்பு இருந்து, காசுக்காக ஆண்களோடு போகிறவர்களும் உண்டு. மனைவி, குழந்தை என்று குடும்பம் நடத்துகிறவர்களும் உண்டு. திருநங்கைகளின் வாழ்க்கை வேறு, அவர்களுடைய போராட்டம் வேறு. நடையையும் பேச்சையும் வைத்து ஒருவனை "இவன் அப்படித்தான்" என்று முடிவு கட்டுகிற வழக்கத்தால், தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத எத்தனையோ மென்மையான பையன்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே அடி வாங்கி வளர்கிறார்கள்.

சரி, எதற்காக வருகிறார்கள்? சுகத்துக்காக, கஷ்டப்படாமல் காசு பார்க்க என்று ஊர் சொல்லும். நான் கேட்டவற்றில் அதிகம் வந்தது கடன். அடுத்தது, ஆண்கள் மேல் ஈர்ப்பு இருப்பது வீட்டில் தெரிந்து அடித்துத் துரத்தப்பட்டது. பத்தொன்பது, இருபது வயதில் மாற்றுத் துணி மட்டும் எடுத்துக்கொண்டு வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவனுக்கு அன்றைக்கு இரவு தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். இன்னொரு பக்கம், "ஓட்டல்ல பன்னெண்டு மணி நேரம் நின்னாலும் கெடைக்காத காசு இதுல கெடைக்குது, எனக்கு இது போதும்" என்று தெளிவாகச் சொன்னவர்களும் உண்டு. அவர்களையும் நம்புகிறேன். எல்லாரையும் யாரோ கடத்தி வந்தார்கள் என்று இரக்கப்படுவது, எல்லாரும் கொழுப்பெடுத்துப் போகிறார்கள் என்று ஏசுவது, இரண்டுமே அந்த மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்கிற காரியங்கள். பலர் சொந்த ஊரில் தொழில் செய்வதே இல்லை. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய்விடுவார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்தில் யாருக்கும் முகம் தெரியாத ஊர் வந்துவிடுகிறது. வருகிற காசில் அறை வாடகை, வழிச்செலவு, ஆள் பிடித்துக் கொடுத்தவன் பங்கு எல்லாம் போக மிஞ்சுவது ஊர் நினைக்கிற அளவு கிடையாது.

ஆணைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற நம்பிக்கைதான் எனக்கு எல்லாவற்றையும் விட வேதனை தருகிறது. ஒரே ஒரு ஆள்தான் என்று சொல்லிக் கூப்பிட்டுப் போய், அறையில் நாலைந்து பேர் இருப்பார்கள். செல்போன், மோதிரம், பர்ஸ் போகும். உடம்புக்கு நேர்ந்ததை அவர்கள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியாது. புகார் கொடுக்கலாமே என்று நான் கேட்டபோது ஒருவர் சொன்னார்: "ஆம்பளைய நாலு பேரு கெடுத்துட்டானுவன்னு ஸ்டேஷன்ல போயி சொன்னா சிரிப்பாவண்ணே."

சட்டமும் அவருக்குக் கை கொடுக்கிற நிலையில் இல்லை. ஆண்களுக்கிடையிலான உறவையும் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவில், வயது வந்தவர்கள் மனமொத்து உறவு கொள்வது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சம்மதமில்லாத உறவுக்கு அந்தப் பிரிவு தொடர்ந்து பொருந்தியது. ஒரு ஆண் மீது நடந்த வன்முறைக்கு அதன் கீழ் வழக்குப் போட முடிந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. புதிய சட்டத்திலும் பாலியல் வன்புணர்ச்சி என்பது ஒரு ஆண் ஒரு பெண்ணுக்குச் செய்வது மட்டும்தான். அதனால் வயது வந்த ஆணுக்கு இது நடந்தால் காயப்படுத்தியது, அடைத்துவைத்தது, பறித்தது என்று சுற்றி வளைத்துத்தான் வழக்குப் போட வேண்டியிருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிச் சத்தமாகப் பேச வேண்டும். தொழில் செய்கிறவருக்கு மட்டுமல்ல, நம் எல்லார் வீட்டுப் பையன்களுக்கும் இதே நிலைமைதான்.

வழக்கு வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று செய்தித்தாள்கள் எழுதும் 1956ஆம் ஆண்டுச் சட்டம், தொடக்கத்தில் பெண்களையும் சிறுமிகளையும் பற்றி மட்டுமே பேசியது. 1986இல் திருத்திய பிறகுதான் ஆண்களும் அதற்குள் வந்தார்கள். வயது வந்த ஒருவர் தனியாக, தன் விருப்பத்தில் செய்வதை அது குற்றம் என்று சொல்லவில்லை. இதற்கென்று விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, பொது இடத்தில் நின்று அழைப்பது, கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்றவற்றின் 200 மீட்டருக்குள் நடப்பது, இவையெல்லாம் குற்றம். பொது இடத்தில் அழைத்ததாக ஒரு ஆண் மீது குற்றம் நிரூபணமானால் ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரை சிறை. தொழில் செய்கிறவரின் வருமானத்தில் தெரிந்தே வாழும் வயது வந்தவர்களுக்கும் தண்டனை உண்டு என்று ஒரு பிரிவு சொல்கிறது. மகன் அனுப்பும் காசில் மருந்து வாங்கும் வயதான அம்மாவையும் அதில் இழுக்க வழி இருக்கிறது, அது மாற வேண்டும் என்பது என் கருத்து. கூட வேலை பார்த்தவர், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்பது மட்டுமே யாருக்கும் குற்றம் ஆகாது.

2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு பலருக்குத் தெரியவில்லை. பாலியல் தொழிலாளர்களைப் போலீசார் கண்ணியமாக நடத்த வேண்டும், அடிப்பதோ வசை பாடுவதோ கூடாது. சோதனை நடந்தால் பத்திரிகைகள் அவர்கள் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனே மருத்துவ உதவி கிடைக்க வேண்டும். இதில் ஆணுறை விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். பையில் ஆணுறை இருந்தாலே மாட்டிக்கொள்வோம் என்று பயந்து அதை வாங்க மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நோய்க்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளில் அதைக் கண்டறிந்தார்கள். அந்தக் காலத்திலிருந்தே இந்த நோயும் இந்தத் தொழிலும் மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரே கிளாசில் சாயா குடிப்பதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, கை கொடுப்பதாலோ, கொசு கடிப்பதாலோ எச்.ஐ.வி. பரவாது. தொற்று உள்ளவர் கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலமாகக்கூட அவரிடமிருந்து பரவுவதில்லை. ஆபத்தான தொடர்பு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்தும் இருக்கிறது.

நான் கூட்டிப்போனவர்களில் ஆணுறை விஷயத்தில் பிடிவாதமாக இருந்தவர்கள் தொழில் செய்கிறவர்கள்தான். ஆணுறை வேண்டாம் என்று கூடுதல் காசு நீட்டியது அவர்களிடம் வந்தவர்கள். வெளியே பெயர் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பரிசோதனைக்கே வராமல் இருந்தவர்களைத்தான் நாங்கள் இழந்தோம். ஒருவரைத் தனியாக உட்கார வைத்துச் சோறு போடுவதால் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை, அவர் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதுதான் நின்றுபோகிறது. சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து தண்ணீர் இறைத்துத் தீட்டை எதிர்த்த மாவட்டம் இது. இங்கே இன்னொரு பெயரில் தீட்டு பார்ப்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஆண்கள் மேல் ஈர்ப்பு உள்ள பையனுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். வீட்டுக்கு வரப்போகிற பெண்ணையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஜெபம், மந்திரம் என்று கூட்டிப்போய் அடித்த கதைகளும் எனக்குத் தெரியும். அதனால் யாரும் மாறவில்லை, வீட்டோடு இருந்த பேச்சுவார்த்தைதான் அறுந்தது.

இனி, கேள்வி கேட்டவருக்கு. அந்த நண்பரிடம் போய் "உண்மையா?" என்று கேட்காதீர்கள். அவர் சொன்னாலொழிய அது உங்கள் விஷயம் இல்லை. முன்பு எப்படிப் பழகினீர்களோ அப்படியே பழகுங்கள். யாராவது வீடியோ, போட்டோ வைத்து அவரை மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால், பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒரு தடவை கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பார்கள். மிரட்டிப் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவில் குற்றம். அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் எடுத்துப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றம். அவர் என்ன தொழில் செய்தாலும் இந்தப் புகாரைக் கொடுக்கலாம். மிரட்டல் வந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், கூப்பிட்டால் கூடவே போங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகத்தான் பலரும் பயப்படுகிறார்கள்.

அவருக்கோ உங்களுக்கோ பரிசோதனை செய்ய வேண்டும் என்று தோன்றினால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்று கேளுங்கள். காசு கிடையாது. உங்கள் சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் போன் செய்து பேசலாம், அதுவும் இலவசம்தான்.