மீன் ஏலத்தில் கேட்கும் 'ஏலம்' எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஏதாவது ஒரு சொல்லின் வேரைத் தேடி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள் மகளின் பள்ளியில். கடற்கரையில் தினமும் கேட்கிற 'ஏலம்' என்ற சொல்லை எடுத்திருக்கிறாள். விலை ஏறுவதால்தான் ஏலம் என்கிறார் பாட்டா. சரியா? எப்படிச் சரிபார்ப்பது? (குளச்சல் வாசகர்)

பதில்: பாட்டா சொல்வது கேட்கப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் சொல்லின் வேரைத் தேட அது போதாது. முதலில் பழைய நூல்களைப் பாருங்கள். அங்கே 'ஏலம்' உண்டு, ஆனால் அது ஏலக்காய். ஏலாதி என்ற நூலுக்குப் பெயர் வந்ததே அதனால்தான். ஏலக்காய்க்கும் இந்த விற்பனைக்கும் உறவில்லை.

அடுத்து அக்கம்பக்கத்து மொழிகள். இதில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ரொம்ப வசதி. களியக்காவிளையைத் தாண்டினால் அதே விற்பனைக்குப் பெயர் 'லேலம்'. மலாயில் 'லேலோங்', இந்தியில் 'நீலாம்'. 'ஏறு'தான் வேர் என்றால் மலையாளத்தில் முன்னால் லகரம் எப்படி வந்தது? லகரத்தில் சொல் தொடங்குவது தமிழ் மரபில் இல்லை, அதனால் நம்மிடம் அது உதிர்ந்துவிட்டது.

கொச்சியையும் மலாய் பேசும் மலாக்காவையும் ஒரே சொல்லால் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். அவர்கள் சொன்னது 'லெய்லாவ்', முடிவில் மூக்கொலி. அந்த மூக்கொலிதான் நமக்கு 'ம்' ஆனது; 'பொத்தாவ்' என்பதில் அதுவே 'ன்' ஆகிப் 'பொத்தான்' வந்தது. இப்படிப்பட்ட சொற்கள் புத்தகம் வழியாக வந்தவை அல்ல. துறைமுகத்தில் பேரம் பேசிய வாய்களும், கலப்புக் குடும்பங்களில் வளர்ந்த, கிரியோல் எனப்படும் கலப்பு மொழிகளும் அவற்றைச் சுமந்தன. கொச்சி அருகே வைப்பினில் அந்த கிரியோலைப் பேசிய கடைசி மனிதர் வில்லியம் ரொசாரியோ 2010இல் காலமானார். அவரோடு ஒரு மொழியே போய்விட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது.

சரி, 'லெய்லாவ்' எங்கிருந்து வந்தது? 711இல் அரபு ஆட்சி ஐபீரியாவுக்குள், அதாவது இன்றைய ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருக்கும் பகுதிக்குள் நுழைந்தது. அந்த நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியத்தில் கலந்த அரபுச் சொற்களில் இதுவும் ஒன்று. மூலம் 'அல்-இஃலாம்', அதாவது அறிவித்தல். கூறு கட்டிய மீனின் முன்னால் நின்று "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஏலக்காரர் கூவுகிறாரே, அதுவேதான். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் 'ஆலிம்' என்று அழைக்கிறோமே, அந்தச் சொல்லும் இதே அரபு வேரில் பிறந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை இணையத்திலேயே தேடலாம். சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மூலத்தை மகள் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம், கோவாக்காரரான தல்காதோ 1913இல் வெளியிட்ட, ஆசிய மொழிகளில் போர்த்துக்கீசியச் சொற்கள் பற்றிய நூல் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. பாட்டாவின் விளக்கத்தையும் அவர் சொன்னபடியே தனியாக எழுதச் சொல்லுங்கள்.