உவர் நிலத்துப் புல்லைக் கொண்டுவந்து மலையில் நடலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "லயத்துக்குப் பின்னால், கைவிட்ட தேயிலை நிலத்தில் இரண்டு மாடுகளுக்காக கோ-3 புல் போட்டேன். இலை நுனி கருகுகிறது, வேர் கட்டையாகவே நிற்கிறது. கிளிநொச்சியில் இருக்கும் மச்சானின் கோ-3 உவர் மண்ணிலும் வளர்கிறதாம். அதில் உப்பைத் தாங்கும் மரபணு இருக்கிறது, தண்டு அனுப்பட்டுமா என்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம் ஐயா, லொறிக் கூலியாவது மிஞ்சட்டும். கோ-3 என்பது கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உருவாக்கிய புல். அதில் முளைக்கும் விதை கிடையாது, தண்டை வெட்டி நட்டுத்தான் பரப்புகிறோம். மச்சானிடம் இருப்பது உண்மையிலேயே கோ-3 என்றால், உங்கள் புல்லில் உள்ள அதே மரபணுக்கள்தான் அதிலும் இருக்கும். உப்பு புதிய மரபணு எதையும் கொடுப்பதில்லை. இருப்பவற்றில் எது, எப்போது, எந்த அளவுக்கு வேலை செய்வது என்பதைத்தான் மாற்றுகிறது.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அரபிடொப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியிலிருந்து வந்தது. வேரைச் சுற்றிச் சோடியம் கூடினால் சில நொடிகளிலேயே கலத்துக்குள் கல்சியம் உயரும். எஸ்ஓஎஸ்-3 என்ற புரதம் அதை உணர்ந்து எஸ்ஓஎஸ்-2ஐ எழுப்பும். அது கலச்சவ்வில் இருக்கும் எஸ்ஓஎஸ்-1ஐ முடுக்கிவிட, சோடியம் வெளியே தள்ளப்படும். உள்ளே தங்கியதை என்எச்எக்ஸ் புரதங்கள் கலத்தின் புன்வெற்றிடம் என்ற உட்பையில் அடைத்து வைக்கும். இலைக்கு ஏறப் பார்ப்பதை எச்கேடி வகைப் புரதங்கள் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். பின்னாலேயே அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹோர்மோன் கூடி, நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வேகம் மாறும். ஆகவே 'உப்பைத் தாங்கும் மரபணு இதுதான்' என்று ஒன்றை விரல் நீட்டிக் காட்ட முடியாது. பயிருக்குப் பயிர் இந்த ஏற்பாட்டின் வலுவும் மாறும். நம் அறுகம்புல், மண்ணின் உப்பு அளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 7 டெசிசீமன் அளவை நெருங்கும் வரை விளைச்சல் குறையாமல் நிற்கும். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் 2ஐத் தாண்டியதுமே தளரத் தொடங்கும். சோடியத்தை ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கச் சக்தி செலவாகும் என்பதால், உப்பில்லாத இடத்தில் செடி இந்த வேலையை அடக்கியே வைத்திருக்கும்.

உங்கள் மலையில் பெய்கிற மழைக்கு மண்ணில் உப்பு எங்கே தங்கப்போகிறது? எனக்குச் சந்தேகம் புளிப்பு மண் மீதுதான். பல வருடம் தேயிலைக்கு நைதரசன் பசளை போட்ட நிலம் அது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பீஎச் 5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும், வேர் கட்டையாகிவிடும். இதற்கும் செடியிடம் ஒரு தற்காப்பு உண்டு, ஆனால் அது வேறு ஏற்பாடு. ஸ்டாப்-1 என்ற புரதத்தைச் செடி எப்போதும் செய்து, செய்த கையோடு அழித்துக்கொண்டிருக்கும். அலுமினியம் வந்ததும் அழிப்பு குறையும். சேர்ந்த ஸ்டாப்-1 உரிய மரபணுக்களை இயக்க, வேர் மாலிக் அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தைக் கட்டிப்போடும். தீவனப் புற்களில் அலுமினியத்தை நன்றாகத் தாங்குவது பிரக்கேரியா. அது தாங்கும் முறை மாலிக் அமிலம் அல்ல, வேறொன்று.

இலை நுனி கருகுவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பொட்டாசியம் குறைந்தாலும், யூரியா அதிகமானாலும் அப்படித்தான் இருக்கும். மாட்டுக் கொட்டில் கான் ஓரத்தில் மட்டும் கருகுகிறதா? அப்படியானால் மூத்திரத்தில் வரும் உப்பு அங்கே சேர்கிறது. கானைத் திருப்பிவிட்டாலே சரி.

மற்றபடி, நிலத்தில் பல இடத்து மண்ணைக் கலந்து மாதிரி எடுத்து பீஎச் பார்க்கச் சொல்லுங்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று வழிகாட்டுவார்கள். புளிப்பு என்று வந்தால் அந்த அளவுக்கேற்ப, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பு போட்டு மண்ணில் கலந்துவிடுங்கள். மிக மோசமான துண்டில் கோ-3ஐ விட்டுவிட்டு குவாட்டமாலா புல் போடலாம். தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் முன் தோட்டங்களில் போடுகிற அதே புல்தான். பாலுக்கு கோ-3 அளவுக்கு உதவாது, ஆனால் அந்த மண்ணில் நிற்கும். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், யூரியாவின் நைதரசன் அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும். இடையில் சில வாரம் விடுங்கள்.