அம்மா நிலத்தின் மேல் மாஸ்டர் பிளான் ரோடு: கூட்டத்தில் பேசினால் போதுமா?

கேள்வி: எங்கள் பேரூராட்சிப் பகுதிக்கு வரைவு மாஸ்டர் பிளான் வந்திருக்கிறது. அம்மா பெயரில் உள்ள 40 சென்ட் நிலத்தின் நடுவே 60 அடி ரோடு காட்டியிருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசினேன், யாரும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆபீஸில் கேட்டால், ‘அதான் பேசிட்டீங்களே, போதும்’ என்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது, தயவுசெய்து அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 26 கேட்பது எழுத்துமூலமான ஆட்சேபணையை. அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது 2 மாதம் அவகாசம் தர வேண்டும். கடைசித் தேதி அறிவிப்பிலேயே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். மனு போக வேண்டியதும் பேரூராட்சிக்கு அல்ல, அறிவிப்பு வெளியிட்ட திட்டக் குழுமத்துக்கு, அதாவது மாஸ்டர் பிளானைத் தயாரிக்கும் அமைப்புக்கு.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அவகாசம் முடிந்தபின் நேரில் விசாரிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது, ஆனால் அப்படிக் கேட்டுக்கொண்டவர்களுக்குத்தான். அதனால் ‘என்னை நேரில் விசாரித்து முடிவெடுக்கக் கோருகிறேன்’ என்று மனுவில் தனி வரியாக எழுதுங்கள். நிலம் அம்மா பெயரில் இருப்பதால் கையெழுத்தும் அவருடையதாகவே இருக்கட்டும்.

மனுவில் கோபத்தைவிட விவரம் முக்கியம். உட்பிரிவோடு சர்வே எண், பட்டா நகல், புலப்பட (நிலத்தின் அளவு வரைபடம், FMB) நகலில் ரோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று சிவப்பு மையில் ஒரு கோடு, ரோட்டுக்குப் போனால் மிச்சம் எவ்வளவு, அது வீடு கட்டவோ உழவோ உதவுமா என்று எழுதுங்கள். பக்கத்தில் வண்டிப்பாதையோ புறம்போக்கோ இருந்தால் அந்த வழியாகக் கொண்டுபோகலாமே என்று காட்டுங்கள். ரோடே வேண்டாம் என்பதைவிட இது எடுபடும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் உங்கள் ஆட்சேபணையில் என்ன முடிவெடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ஒருவேளை ரோடு அப்படியே உறுதியானாலும் எல்லாம் முடிந்துவிடாது. வரைவுக்கு ஆட்சேபணை கேட்ட அந்த அரசிதழ் அறிவிப்பு வந்து 3 ஆண்டுக்குள் நிலத்தை எடுப்பதற்கான அறிவிக்கையும் வராமல், உங்களோடு பேசி வாங்கவும் செய்யாமல் இருந்தால், பிரிவு 38-ன்படி நிலம் அந்த ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தப் பிரிவை வைத்து நிலத்தை மீட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் அதுவரை கட்டட அனுமதி கிடைப்பது பெரும்பாடு, ஆகவே இந்த வாரமே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.