கைதட்டல் எப்போது வாக்காகும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேர்தல் வந்துவிட்டால் நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் மேடையேறி, இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதால் உண்மையிலேயே வாக்கு விழுகிறதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: சில சூழ்நிலைகளில் விழுகிறது; பல சூழ்நிலைகளில் கூட்டம் சேர்வதோடு சரி.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே 2007-ஆம் ஆண்டு பராக் ஒபாமாவுக்கு ஆதரவு தெரிவித்தார். அது எத்தனை வாக்குகளாக மாறியது என்று பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட முயன்றனர். ஓப்ராவின் இதழ் எந்தெந்த வட்டாரங்களில் அதிகம் விற்றது, அவர் பரிந்துரைத்த புத்தகங்களை எங்கெல்லாம் மக்கள் விரும்பி வாங்கினர் என்று பார்த்து, அந்த வட்டாரங்களில் ஒபாமா பெற்ற வாக்குகளோடு ஒப்பிட்டு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் சுமார் 10 லட்சம் வாக்குகள் ஓப்ராவால் வந்திருக்கலாம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அது உட்கட்சித் தேர்தல் என்பதை மறந்துவிடக் கூடாது. போட்டியிட்டவர்கள் ஒரே கட்சியினர் என்பதால், கட்சி பார்த்து வாக்களித்துப் பழகியவருக்கு அங்கே பிடிமானம் இல்லை. அப்படித் தயங்கி நிற்பவரிடம்தான், பல ஆண்டுகளாக வீட்டு வரவேற்பறையில் கேட்டுப் பழகிய ஒரு குரல் எடுபடுகிறது.

2024 செப்டம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட கமலா ஹாரிஸை ஆதரித்து இன்ஸ்டாகிராமில் எழுதி, வாக்காளர் பதிவுக்கு வழிகாட்டும் அரசு இணையதளத்தின் இணைப்பையும் பகிர்ந்தபோது, 24 மணி நேரத்தில் சுமார் 4 லட்சம் பேர் அந்த இணைப்பின் வழியே உள்ளே சென்றனர். ஆனாலும் ஹாரிஸ் அந்தத் தேர்தலில் தோற்றார். பதிவு செய்யாமல் சோம்பியிருந்த இளைஞரை எழுப்பிவிடுவது ஒரு பாடகியால் முடிகிற காரியம். ஆண்டுக்கணக்கில் மனத்தில் ஊறிய கட்சிச் சார்பைக் கரைப்பது மிகக் கடினம். 1940-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் வாக்காளர்களைத் தொடர்ந்து சந்தித்து ஆராய்ந்த சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும், வானொலியும் நாளிதழ்களும் சொன்னவற்றைவிட, வீட்டிலும் வேலையிடத்திலும் நண்பர்களிடையிலும் பேசப்பட்டவையே வாக்காளரின் முடிவை அதிகம் பாதித்ததைக் கண்டனர்.

செய்தியாளராக இருந்த காலத்தில் நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். புகழ்பெற்ற நடிகர் ஒருவர் மாலை ஆறு மணிக்கு வருவதாக இருந்த கூட்டத்துக்கு ஒன்பது மணிக்கு வந்தார். அதுவரை கைக்குழந்தைகளோடு காத்திருந்த பெண்கள் அவரைக் கண்டதும் எழுந்து நின்று கையசைத்தனர். அவர் ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் புறப்பட்டார். அடுத்து ஒலிவாங்கியைப் பிடித்த வேட்பாளர், அந்தப் பகுதியின் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, மைதானத்தில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. அந்த மக்களின் அன்றாடத் துயரமே குடிநீர்தான். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லாமல் போனது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

கேள்வி: அப்படியானால் எம்.ஜி.ஆர். எப்படி வென்றார்? அவருக்கு இணையான நடிகர்கள் ஏன் வெல்லவில்லை?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: எம்.ஜி.ஆர். 1953-இல் தி.மு.க.வில் சேர்ந்தார், முதலமைச்சரானது 1977-இல். நடுவில் 24 ஆண்டுகள் இருந்தன என்பதை, திரையிலிருந்து நேராகக் கோட்டைக்குப் போய்விட்டதாகப் பேசுகிறவர்கள் கவனிப்பதில்லை. அந்த ஆண்டுகளில் அவருடைய ரசிகர் மன்றத்துக்காரரும் கட்சியின் கிளைச் செயலாளரும் பல ஊர்களில் ஒரே ஆளாக இருந்தனர். படம் வெளியாகும் நாளில் தோரணம் கட்டிய அதே கைகள், தேர்தல் நாளில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றன.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் மருத்துவமனையில் இருந்த படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. அவர் தொகுதிக்குள் சென்று வாக்குக் கேட்கவே இல்லை, பரங்கிமலையில் வென்றார். அந்தச் சுவரொட்டியைக் கண்டு கலங்கியவர்களின் கண்ணீர் உண்மையானது. அந்தக் கண்ணீரை வாக்குச்சாவடி வரை கொண்டு சேர்க்க, ஆட்சியைப் பிடிக்கும் முனைப்பில் இருந்த ஒரு கட்சியின் முழு அமைப்பும் தயாராக இருந்தது. 1972-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கியபோது, தொண்டர்களில் பெரும்பகுதியினர் அவருடன் வந்துவிட்டனர். மறு ஆண்டே திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவருடைய வேட்பாளர் வென்றார்.

என்.டி.ராமாராவ் இதற்கு விதிவிலக்கு போலத் தோன்றுவார். 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி 1983 ஜனவரியில் ஆட்சிக்கே வந்தவர் அவர். ஆனால் அதற்கு முந்தைய ஐந்தாண்டுக் காலத்தில் ஆந்திரத்தில் காங்கிரஸ் தலைமை நான்கு முதலமைச்சர்களை அமர்த்தியிருந்தது. தெலுங்கரின் தன்மானம் என்று அவர் முழங்கியபோது, மக்கள் மனத்தில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்தது. அதே மாநிலத்தில், அதே அளவுக்குக் கொண்டாடப்பட்ட சிரஞ்சீவி 2008-இல் கட்சி தொடங்கி, அடுத்த ஆண்டுத் தேர்தலில் 294 இடங்களில் 18-ஐத்தான் பிடித்தார். 2011-இல் கட்சியைக் காங்கிரஸில் இணைத்துவிட்டார். சிவாஜி கணேசனின் நடிப்பைப் போற்றாத தமிழர் குறைவு. 1989-இல் திருவையாற்றில் அவரே தோற்றார். நடிப்பைப் போற்றுகிறவர் ஆட்சியையும் ஒப்படைப்பார் என்று யாரும் எழுதிக் கொடுத்துவிடவில்லை.

உலக அளவிலும் இதே கதைதான். உலகின் தலைசிறந்த கால்பந்து வீரர் என்று 1995-இல் பெயர்பெற்ற லைபீரியாவின் ஜார்ஜ் வியா, 2005-இல் அதிபர் தேர்தலில் தோற்றார். பிறகு நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகி, கட்சியை வளர்த்து, 2017-இல்தான் வென்றார். 2023-இல் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினர். ஆட்சியில் அமர்ந்தபின், முன்பு மைதானத்தில் அவர் போட்ட கோல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேள்வி: நடிப்பவர்களும் விளையாடுகிறவர்களும் அரசியல் பேசாமல் இருப்பதே நல்லதல்லவா?
– வாசகர் ஒருவர்

பதில்: நல்லதல்ல. அவர்களும் வரி செலுத்தும் குடிமக்கள். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த முகமது அலி, 1967-இல் பட்டத்தையும் குத்துச்சண்டை உரிமத்தையும் இழந்தார். ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1971-இல் அதை ரத்து செய்வதற்குள், ஒரு வீரனின் வாழ்வில் திரும்பக் கிடைக்காத மூன்றாண்டுகளுக்கு மேல் போய்விட்டன. இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு, 2020 ஜூனில், தம் இளமைக் கால வறுமையை விவரித்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல் எழுதினார். கோடை விடுமுறையிலும் ஏழைக் குழந்தைகளுக்கு உணவு உதவி வேண்டும் என்பது கோரிக்கை. மறுத்துவந்த அரசு மறுநாளே இறங்கி வந்தது. சுமார் 13 லட்சம் குழந்தைகள் அந்த உதவிக்குத் தகுதி பெற்றனர். ஒருவர் பட்ட பாட்டைப் பேசினார், இன்னொருவர் இழப்பை ஏற்றுப் பேசினார். இத்தகைய குரல்களை வாயடைக்கச் சொல்வது பெருந்தவறு. பேசுகிறவர் அந்த விஷயத்தை அறிந்து பேசுகிறாரா, பேசுவதற்குப் பணம் பெற்றாரா என்று கேட்பதற்கு நமக்கும் உரிமை உண்டு.

அறிந்து பேசுகிறாரா என்ற அந்த முதல் கேள்வியைச் சட்டமும் ஓரிடத்தில் கேட்கிறது. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். பொருளைப் பற்றி உரிய முறையில் விசாரித்த பிறகே நடித்தேன் என்று காட்டினால் அவர் தப்பலாம். ஒரு சோப்புக்கு இவ்வளவு விசாரணை தேவை என்று ஒப்புக்கொண்ட நாம், ஐந்தாண்டு ஆட்சிக்குப் பரிந்துரைப்பவரிடம் அதில் பாதியையாவது எதிர்பார்க்க வேண்டாமா? சட்டம் போட்டுப் பேச்சைக் கட்டுப்படுத்த நான் கேட்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் பிரசாரம் என்றால், அதை அந்த இடத்திலேயே அவர் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: என் மகனுக்குப் பத்தொன்பது வயது. முதல் வாக்கு. தனக்குப் பிடித்த நடிகர் யாரைச் சொல்கிறாரோ அவருக்கே போடுவேன் என்கிறான். கண்டித்தால் சண்டைதான் வருகிறது. என்ன செய்வது?
– தாய் ஒருவர்

பதில்: அம்மா, முதலில் அந்த நடிகரைக் குறைசொல்வதை விட்டுவிடுங்கள். திரையில் பார்ப்பவரோடு பார்வையாளர் ஒருதலையாக நட்புக் கொள்வதைப் பற்றி ஆய்வாளர்கள் டொனால்டு ஹார்ட்டனும் ரிச்சர்டு வோலும் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அவர் பல ஆண்டுகளாகப் பழகிய நண்பர். நண்பரைப் பழித்தால் யாருக்கும் கோபம் வரும்.

அதற்குப் பதிலாக, உங்கள் தொகுதியில் நிற்கும் வேட்பாளரின் பெயரை மகனிடம் கேளுங்கள். நடிகரின் பிறந்தநாள் தெரிந்தவருக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது; அதில் சொத்து, கடன், கல்வித் தகுதி, நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் எல்லாம் உண்டு. ஒரு மாலைப்பொழுதில் இருவரும் அருகருகே அமர்ந்து, முக்கிய வேட்பாளர்கள் அனைவருடையதையும் படியுங்கள். நீங்கள் ஆதரிக்கும் வேட்பாளருடையதையும் சேர்த்தே படியுங்கள். உங்கள் மகன் அதை நிச்சயம் கவனிப்பார். படித்த பிறகும் அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளாவிட்டால், அந்த வாக்கு அவருடையது. அதன்பின் எதுவும் சொல்லாமல், வாக்குப்பதிவு நாளன்று காலையில் அவரோடு வரிசையில் போய் நில்லுங்கள்.