பேரப்பிள்ளைகள் லண்டனில் கவுன்சில் பொறுப்பில்: சொந்தக்காரர் கேட்டால் தருவார்களா?

கேள்வி: மூத்த மகள் லண்டனில் இருக்கிறாள். மருமகன் அடிக்கிறான் என்று அயலவர் சொல்லி, பொலிஸ் வந்து 7 வயதும் 3 வயதுமான இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய்விட்டது. மகளிடம் ஏதோ கையெழுத்தும் வாங்கினார்களாம். பிள்ளைகள் இப்போது கவுன்சிலின் (அங்குள்ள உள்ளூராட்சி மன்றம்) பொறுப்பில், தமிழ் தெரியாத ஒரு வீட்டில். லண்டன் ஹரோவில் இருக்கும் என் இளைய மகள் அவர்களை வைத்திருக்கத் தயார். அது சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு என்னிடம் கொண்டுவரலாமா? மருமகனின் ஆட்கள், “பார்க்க விடும் நாளில் அப்படியே பிளேன் ஏற்றிவிடலாம்” என்கிறார்கள்.

பதில்: அம்மா, அந்தப் பிளேன் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நீதிமன்றக் கட்டளை இருக்கும்போது அப்படிச் செய்வது இங்கிலாந்தில் குற்றம். இங்கே கொண்டுவந்தாலும் தப்ப முடியாது. பிள்ளைகளை நாடு விட்டு நாடு கடத்துவதைத் தடுக்கும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. அதற்கென்றே 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கொழும்பு மேல் நீதிமன்றம் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கட்டளையிடலாம். அதற்குப் பிறகு உங்கள் குடும்பத்தில் யார் கேட்டாலும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது அந்தக் கையெழுத்து. பொலிஸ் தன் அதிகாரத்தில் பிள்ளைகளை வைத்திருக்கக்கூடியது 72 மணித்தியாலம் மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றில் நீதிமன்றக் கட்டளை, அல்லது பெற்றோரின் சம்மதம். மகள் கையெழுத்திட்டது 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழான சம்மதமாக இருக்கலாம். அப்படியென்றால் அந்தச் சம்மதத்தை எப்போதும் மீளப் பெறலாம். ஆனால் கோபத்தில் நாளைக்கே மீளப் பெற்றால், கவுன்சில் அன்றைக்கே நீதிமன்றம் போகும். ஆகவே அந்தத் தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சொலிசிட்டரிடம் காட்டிய பிறகு முடிவெடுக்கலாம். பிள்ளைகளைத் தன் பொறுப்பில் எடுக்கக் கவுன்சில் பராமரிப்பு வழக்குப் போட்டுவிட்டால் தாய்க்கும் தகப்பனுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

பிள்ளைகளைச் சொந்தக்காரரிடம் கொடுப்பதற்கு அந்த நாட்டுச் சட்டம் எதிரி இல்லை. அதே சட்டத்தின் 22சி பிரிவு, முதலில் பெற்றோரைப் பார்க்கச் சொல்கிறது. உங்கள் மகள் அடி வாங்கியவள். அவள் கணவனை விட்டு விலகிப் பாதுகாப்பாக இருக்க முடிந்தால், பிள்ளைகள் அவளிடமே திரும்பிப் போவதுதான் முதல் வழி, இதை மறந்துவிடாதீர்கள். அது முடியாதபோது, வளர்ப்பாளராக (கவுன்சிலுக்காகப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்) அங்கீகாரம் பெற்ற உறவினருக்கோ நண்பருக்கோ முன்னுரிமை கொடுக்க வேண்டும். பிள்ளையின் சமயம், மொழி, பண்பாட்டையும் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ் தெரியாத வீடு என்ற கவலையை இதைக் காட்டியே எழுத்தில் தெரிவிக்கலாம். ஆனால் இரத்த உறவு என்பதற்காக மட்டும் பிள்ளையைத் தந்தே ஆக வேண்டும் என்ற உரிமை வந்துவிடாது. 2016இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எனக்கு உண்மையில் பயம் தருவது நேரம்தான். பராமரிப்பு வழக்கை 26 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் குடும்பங்களில் முதல் சில மாதங்கள் “வெளியில தெரிஞ்சா மானம் போகும்” என்பதிலேயே கரைந்துவிடும். 3 வயதுப் பிள்ளைக்கு வேறு வழி இல்லையென்றால் தத்துக் கொடுக்கும் திட்டம் வரலாம். வேறு எதுவும் சரிவராது என்ற நிலையில் மட்டுமே தத்து என்று 2013இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரி, ஆனால் பார்க்கத் தயாரான ஆள் யாரென்று நீதிபதிக்குத் தெரிந்தால்தானே அந்தத் தீர்ப்புக் கைகொடுக்கும்?

அதனால் இளைய மகள் இந்த வாரமே சோசல் வேர்க்கருக்கு மின்னஞ்சல் எழுதட்டும்: பிள்ளைகளை எடுக்கத் தயார், என்னை மதிப்பீடு செய்யுங்கள் என்று. வீட்டில் இடம், வேலை, விசா, வீட்டிலுள்ள பெரியவர்களின் பொலிஸ் பதிவு எல்லாம் பார்ப்பார்கள். அவசரமென்றால் முழு மதிப்பீடு முடியுமுன்பே 16 வாரங்களுக்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுக்கலாம். இன்னும் 8 வாரம் நீட்டவும் முடியும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

அவளிடம் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி ஒன்று இருக்கிறது: அத்தான் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள்? “அது புருஷன் பெண்சாதிச் சண்டை, எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான்” என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், மதிப்பீடு அங்கேயே விழுந்துவிடும். பிள்ளைகள் கண்ட அடியை இல்லையென்று சொல்பவர் அவர்களைக் காப்பாற்றமாட்டார் என்று மதிப்பீடு செய்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

காசு விஷயத்தில் வெட்கப்பட வேண்டாம். சில கவுன்சில்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, “இது உங்கள் குடும்ப ஏற்பாடு” என்று ஒதுங்கப் பார்க்கும். கவுன்சிலே முன்நின்று ஒழுங்குசெய்திருந்தால் அது கவுன்சிலின் பொறுப்புத்தான் என்று 2007இல் சவுதார்க் வழக்கில் தீர்ப்பு வந்தது. உறவினர் என்பதற்காக வளர்ப்பாளருக்குக் குறைத்துக் கொடுப்பது தவறென்று 2001இல் மான்செஸ்டர் வழக்கில் சொல்லப்பட்டது. எந்த ஏற்பாடு, எந்தப் பிரிவு, எவ்வளவு கொடுப்பனவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே பிள்ளைகளைப் பொறுப்பேற்கட்டும். நீண்ட காலத்துக்கு, பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை உறவினருக்கு நீதிமன்றம் கொடுக்கும் விசேட பாதுகாவலர் கட்டளை பொருத்தம். அதில் தாயின் உரிமை அழியாது. ஆனால் அன்றாட முடிவுகளைச் சின்னம்மா எடுக்கலாம். ஃபேமிலி ரைட்ஸ் குரூப் என்ற தொண்டு நிறுவனம் இப்படிப்பட்ட உறவினருக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறது.

இனி கொக்குவில். முடியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் கடினம். நீதிமன்றக் கட்டளையின் கீழ் கவுன்சில் பொறுப்பிலுள்ள பிள்ளையை வெளிநாட்டில் வாழ அனுப்ப நீதிமன்ற அனுமதி வேண்டும். அது பிள்ளைக்கு நல்லதா, இங்கே ஏற்பாடு சரியா, பெற்றோர் சம்மதிக்கிறார்களா, விளங்கும் வயதென்றால் பிள்ளையும் சம்மதிக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். தாயும் சின்னம்மாவும் லண்டனில் இருக்கும்போது நீதிபதி இதைக் கடைசியாகவே யோசிப்பார். பிள்ளைகள் பற்றிய ஒரு நாட்டுக் கட்டளையை இன்னொரு நாடு ஏற்கச் செய்வது 1996ஆம் ஆண்டின் வேறொரு ஹேக் உடன்படிக்கை; அதில் இலங்கை இல்லாததால், லண்டன் கட்டளை இங்கே தானாகச் செல்லுபடியாகாது. இங்குள்ள நீதிமன்றத்திலும் தனியாகக் கட்டளை பெற வேண்டி வரும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு என்றால் விசாவும் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் உங்கள் பெயரை இரண்டாவது தெரிவாக இப்போதே கொடுத்து வையுங்கள். இப்படி எல்லை தாண்டிய மதிப்பீடுகளுக்கு சிஎஃப்ஏபி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கவுன்சில்களுக்கு உதவுகிறது. பொலிஸ் நற்சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், மருத்துவ அறிக்கை, வருமான விபரம், அருகில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும் என்ற தகவல் எல்லாம் தயாராக இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை அம்மம்மாவோடு வீடியோவில் பேச விடுங்கள் என்று உடனே கேட்கலாம். அதற்கு மதிப்பீடு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மகளின் எல்லாக் கூட்டங்களுக்கும் கவுன்சிலிடமே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கள். மருமகனின் ஆட்கள் யாரும் அவளுக்காக மொழிபெயர்க்க இருக்கக் கூடாது.